சீல் விழாத இரண்டு வருஷம்

உட்காருங்கள் அக்கா, தாராளமாக உட்காருங்கள். அந்தக் கோணிப்பையை இப்படி என் காலடியில் வையுங்கள். அடேயப்பா, என்ன கனம்! உள்ளே என்ன, கிரைண்டரா? கிரைண்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களா? சபாஷ். ஆதாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும். சூலூரிலிருந்து பஸ்ஸில் இதைச் சுமந்து வந்தீர்களா? நானும் என் காரில் வந்து இறங்கியிருப்பேன். அது நகராது. அதுதான் வழக்கே.

உங்கள் எண் என்ன? நாற்பத்திரண்டா? என்னுடையது முப்பத்தேழு. இப்போதுதான் இருபத்தொன்று ஓடுகிறது, நிறைய நேரம் இருக்கிறது. நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் புதுசு என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதோ அந்தக் கதவிலிருந்து வெள்ளை உடுப்புக்காரர் வந்து எண்ணைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவதற்கும் போய் நிற்காவிட்டால் தள்ளுபடி. அவ்வளவுதான், கதை முடிந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும், சட்டக் கல்லூரி நாலாவது வருஷம். வக்கீல் வைக்கவில்லை. எனக்கு எதற்கு வக்கீல்? பேச்சுப் போட்டியில் என்னை எதிர்த்துப் பெயர் கொடுத்த பையன்கள் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் சௌபர்ணிகா. சௌபா என்றே கூப்பிடுங்கள்.

எதிர் பெஞ்சைப் பாருங்கள். சட்டென்று திரும்பாதீர்கள்! சரி, திரும்பிவிட்டீர்கள். சந்தனக் கலர் சட்டை, மடியில் மஞ்சள் பை. அவர்தான் தண்டபாணி, எதிர்த்தரப்பு. என்னிடம் காரை விற்றவர். சிரிக்கிறார் பாருங்கள், ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்ட மாதிரி. உண்மையை விழுங்கியவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்கு நியாயம் புரியும்.

எங்கள் சொந்தத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் மாப்பிள்ளைக்குக் கார் கொடுப்பார்கள். கேட்டால் யாரும் கேட்கவில்லை என்பார்கள். யாரும் கேட்காமலேயே மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி ஒரு கார் நிற்கும். எங்கள் அப்பாவும் பம்பு செட் பட்டறையில் வரும் வருமானத்தில் என் பெயரில் ஒரு தொகை போட்டு வைத்திருந்தார். என் பெயரில்தான், ஆனால் எவனோ ஒருவன் ஓட்ட. எப்படி இருக்கிறது நியாயம்?

இந்தக் கோபம் எனக்கு இன்று நேற்று வந்ததில்லை. நான் பதினொன்றாவது முடித்த லீவில் பொள்ளாச்சியில் எங்கள் பெரியப்பா மகன் நவநீதன் அண்ணனுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அண்ணனைப் பூவால் மூடிய ஒரு திறந்த காரில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். முன்னால் பேண்டு, பின்னால் ஜெனரேட்டர், நடுவில் இவன் தலைப்பாகையோடு பொம்மை மாதிரி. மேகலை அண்ணி எங்கே? மண்டபத்து மாடியறையில், ஓடாத ஏசிக்குக் கீழே, வியர்த்து ஊற்றிக்கொண்டு. கல்யாணம் இரண்டு பேருக்கும்தானே? காற்று இவனுக்கு மட்டுமா? நடுத்தெருவில் நின்று கேட்டேன். பெரியப்பாவைக் கேட்டேன், கார் ஓட்டியவரைக் கேட்டேன், பேண்டு மாஸ்டரைக் கேட்டேன். ஒரு மணி நேரம் கேட்டேன் அக்கா. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே சொல்ல!

அந்தக் கேள்வியை மனசில் வைத்திருந்து போன வருஷம் அப்பாவிடம் கேட்டேன். "எவனோ ஒருத்தனுக்கு வாங்கிக் குடுக்கற காரை எனக்கே வாங்கிக் குடுத்தா என்னப்பா? எனக்குக் கார் கிடைச்ச மாதிரியும் ஆச்சு, பேராசை பிடிச்சவன் தானா கழண்டுக்கிட்ட மாதிரியும் ஆச்சு." அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் முறைத்தார். மூன்று மாதம், காலையில் இட்லியோடு ஒரு வாதம், ராத்திரி தோசையோடு ஒரு வாதம். கடைசியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏஞ்சாமி, நான் தோத்துட்டேன், நீயே எடுத்துக்க. என்னைத் திங்க உடு" என்றார்.

புதுசாக ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை. விளம்பரத்தில் பார்த்தேன்: சிவப்பு, இரண்டே கதவு, பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போகும். பின் சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம் என்று போட்டிருந்தது, அந்த இரண்டு பேருக்கும் கால் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் கார்! ஒரு மாப்பிள்ளை கூட ஏறாத, எனக்கே எனக்கான கார்.

உடனே ஃபோன் போட்டேன். இவர்தான் எடுத்தார். "வண்டி இருக்குதுங்க அம்மிணி. வாரதுக்கு முன்னால வண்டியப் பத்தி ஒரு விசயம் சொல்லிப்போடறேன்" என்றார். நான் விடுவேனா? "ஃபோன்ல எதுவும் பேச வேண்டாம் அங்கிள், எல்லாம் நேர்ல, முகத்துக்கு முகம்" என்று வைத்துவிட்டேன். ஃபோனில் பேசிப் பேசியே ஏமாற்றுவார்கள் அக்கா, உங்களுக்குத் தெரியாது.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெரிய ஷெட். கார் இரண்டு சிம்மாசனத்துக்கு நடுவில் நின்றது. ஆமாம், சிம்மாசனம். தங்கக் கலரில், சிவப்பு வெல்வெட் மெத்தையோடு. பக்கத்தில் தெர்மோகோல் யானை நாலு, பிளாஸ்டிக் வாழைமரம், சுருட்டி வைத்த ரத்தினக் கம்பளம், மூட்டை மூட்டையாக சீரியல் லைட்டு. கல்யாண மேடை அலங்காரம் செய்கிறாராம். சரி, அது அவர் தொழில், எனக்கென்ன? நான் பார்க்க வந்தது கார். ஒரு சின்னக் குறிப்பாவது கிடைத்திருந்தால் நான் பிடித்திருப்பேன். ஒன்றுமே இல்லை.

சர்வீஸ் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சீல், தேதி, கையெழுத்து. அப்புறம் திடீரென்று வெறும் பக்கம். இரண்டு வருஷம்! அதற்கப்புறம் மறுபடி சீல். இரண்டு வருஷம் இந்த வண்டி எங்கே போனது, என்ன தின்றது, யாரோடு சுற்றியது? புத்தகத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இந்த ரெண்டு வருசம் எங்க அங்கிள்?"

"அதத்தானுங்க அம்மிணி சொல்ல வந்தேன். அந்த ரெண்டு வருசமும் வண்டி வந்துங்க..."

"வாய்வார்த்தை வேண்டாம். எழுத்துல இருக்கா? ஆவணம்?"

"ஆவணம்னு பாத்தா... இருங்க" என்று உள்ளே போய்ப் பெரிய கல்யாண ஆல்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்படி இருக்கிறது பாருங்கள் திசைதிருப்பல்! நான் சர்வீஸ் கேட்கிறேன், இவர் தன் குடும்பப் பெருமையைக் காட்டுகிறார். "உங்க வீட்டு விசேஷத்தைப் பாக்க நான் வரலை அங்கிள்" என்று அட்டையோடு மூடி மேஜையில் வைத்தேன். இதோ அந்த மஞ்சள் பையில் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதே ஆல்பம்தான். இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆணையத்தில் போய் யார் வீட்டுக் கல்யாணத்தைக் காட்டப்போகிறாரோ!

அவர் சம்சாரம் காபி கொண்டுவந்தார்கள். நல்ல அம்மா. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "இந்த வண்டிதானா கண்ணு? இது எத்தனை மாப்பிள்ளைகள..." என்று ஆரம்பித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஆன்டி, தயவுசெஞ்சு மாப்பிள்ளைப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க. அதிலிருந்து தப்பிக்கத்தான் காரே வாங்கறேன்" என்று அதற்கு ஒரு பத்து நிமிஷம் விளக்கம் கொடுத்தேன். பாவம், காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என்ன சத்தம் பாருங்கள் வாசலில். யாரையோ கூப்பிடுகிறார்கள், அந்த ஆள் எங்கே போய்த் தொலைந்தானோ. வழக்கு இருக்கிற நாளில் கூடவா டீக்கடையில் நிற்பது? பொறுப்பில்லாத ஜனங்கள். என்ன அக்கா? இருங்கள், நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் காணோமென்று தெரிந்தும் ஏன் வாங்கினாய், அதுதானே? அங்கேதான் இருக்கிறது என் சாமர்த்தியம்.

நான் அவரை மடக்கினேன் அக்கா. "சீல் இல்லாத ரெண்டு வருஷம்னா ஒண்ணு வண்டி ஓடியிருக்கணும், இல்லை ஓடாம இருந்திருக்கணும். ஓடலைன்னா தேய்மானம் இல்லை, நல்லது. ஓடியிருந்தா சர்வீஸ் இல்லாமலேயே ஓடற அளவுக்கு உறுதியான வண்டி, அதுவும் நல்லது. ஆனா ஆவணம் இல்லாததால விலையைக் குறைக்கணும்." அவர் வாயைத் திறந்தார், மூடினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தெர்மோகோல் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி, வெலையக் கொறைச்சுக்கறனுங்க, அது பெரிசில்ல. ஆனா கிளட்ச்சு..." என்றார். "பேச்சை மாத்தாதீங்க" என்றேன். விலை குறைந்தது! எதிர்த்தரப்பின் வாயாலேயே!

ஒப்பந்தமும் நானே எழுதினேன். ஐந்தாவது ஷரத்து என் சொந்தச் சரக்கு: 'விற்பவர் வாய்மொழியாகச் சொன்ன எதுவும், சொல்ல முயன்ற எதுவும், இந்த ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது.' நாளைக்கு வந்து 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று தப்பிக்கக் கூடாது பாருங்கள். எங்கள் பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி இன்னொரு தடவை படித்தார். அவ்வளவு வியப்பு.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கூரையை மடக்கி, அவிநாசி ரோட்டில் ஏறினேன். ஏசியைப் போட்டேன். போட்டதும் துவாரத்திலிருந்து குபுக்கென்று என் முகத்தில் ரோஜா இதழ் அக்கா! காய்ந்து சருகாகி, மூட்டைக் கணக்கில். அடுத்த வாரம் சீட்டை நகர்த்தினால் அடியில் அட்சதை, மஞ்சளும் அரிசியுமாக இரண்டு பிடி. பானட்டில் சின்னச் சின்னதாகப் பதினாறு ஓட்டை, பூச்சட்டம் மாட்ட. மருதமலை ஏறினால் பாதியில் கருகல் நாற்றம். காந்திபுரம் சிக்னலில் டெம்போவில் போன பேண்டு வாத்தியக்காரர்கள் என்னை, என்னையில்லை, காரைப் பார்த்து எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

அப்புறம்தான் அந்த வைகாசி முகூர்த்த நாள். பீளமேட்டில் ஒரு மண்டபத்து வாசல், சரியாக வாசலுக்கு நேரே, கிளட்ச் புஸ்ஸென்று உள்ளே போனது. வண்டி நின்றுவிட்டது. நான் இறங்குவதற்குள் பட்டு வேஷ்டி கட்டிய ஒரு பெரியவர் ஓடி வந்தார்.

"ஏம்மா, ஆறு மணிக்கு வரச் சொன்னா ஏழுக்கா வாரது? பூவு எங்க?"

"என்ன பூவு? இது என் சொந்தக் கார்."

"எல்லா வண்டியும் யாராவதொருத்தருக்குச் சொந்தந்தான். மாப்பிள்ளைய ஏத்துங்கப்பா!"

எனக்கு முன்னால் இரண்டு சட்டப்பிரிவு வந்து நின்றது. இரண்டையும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டான். "சிஸ்டர், ஃபோன் சார்ஜர் இருக்குங்களா?" என்கிறான். வண்டி நகராது என்று கத்தினேன். "அதனாலென்ன" என்று எட்டுப் பேர் தள்ளினார்கள். பேண்டு வாசிக்கிறது, வாணம் வெடிக்கிறது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு வாதாடிக்கொண்டே போனேன். திரும்பி வந்ததும் தட்டில் தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக் கார் அக்கா இது! அந்த இரண்டு வருஷமும் இந்த ஊரிலிருந்த மாப்பிள்ளைகளையெல்லாம் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், தெருத்தெருவாகச் சுமந்த கார். கிளட்ச் வேகாமல் என்ன செய்யும்? ஒரு மாப்பிள்ளைக்குப் போகக் கூடாதென்று நான் சண்டை போட்டு வாங்கிய கார், நூற்றுச் சொச்சம் மாப்பிள்ளைகள் ஏறி இறங்கிய கார்!

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு வார்த்தை? மனுஷன் வாயைத் திறக்கவில்லையே!

மறுபடி அதே ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. அக்கா, என் கையை ஏன் இழுக்கிறீர்கள்? கண்ணாடி வளையல், உடைந்துவிடும். இதோ முடித்துவிடுகிறேன், முக்கியமான இடம் இனிமேல்தான்.

வழக்குப் போட்டேன். காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்குத் தனி. நோட்டீஸ் போனதும் இவர் ஆறு தடவை ஃபோன் பண்ணினார். மிரட்டத்தான், வேறெதற்கு? ஆறு தடவையும் எடுத்து, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஒரு தடவை கூட அவர் பேச்சில் மயங்கவில்லை.

இதில் எனக்குக் காரும் பணமும் கூட இரண்டாம் பட்சம். அப்பா வைத்திருக்கிறார் பாருங்கள் பந்தயம், அதுதான் விஷயம். தேங்காய்த் தட்டோடு நான் வீட்டுக்கு வந்ததைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. அப்புறம் சொன்னார்: "கேஸுல நீ ஜெயிச்சா, கல்யாணப் பேச்ச நீயா எடுக்கற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். தோத்தீன்னா, ஆவணில ஒரு குடும்பம் வருது. அவங்க முன்னால அரை மணி நேரம் உக்காரோணும். கட்டிக்கன்னு சொல்லல. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நடுவுல நீ வாயத் தொறக்கப்படாது. அவ்வளவுதான்." அரை மணி நேரம் அக்கா! முன்பின் தெரியாதவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், நான் பதில் சொல்லக் கூடாதாம். இதைவிடக் கல்யாணமே பண்ணி வைத்திருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், இந்த வழக்கில் நான் தோற்கவே கூடாது, தள்ளுபடி என்ற பேச்சுக்கே...

என்ன? என்ன அக்கா? முப்பத்தேழா? யார்? என்னையா? மூன்றாவது தடவையா! இருபத்தொன்றுதானே ஓடியது? நடுவில் இருந்ததெல்லாம் வாய்தாவா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா நீங்கள்? ஐயோ, அங்கே பாருங்கள், தண்டபாணி எனக்கு முன்னால் உள்ளே ஓடுகிறார்! பார்த்தீர்களா அக்கா, நான் வரவில்லையென்று சொல்லித் தள்ளுபடி வாங்கத்தான் ஓடுகிறார். சாட்சி நீங்கள், மறந்துவிடாதீர்கள்! என் ஃபைல்... என் ஃபைல் எங்கே... உங்கள் கிரைண்டருக்கு அடியில்...

* * *

கொஞ்சம் நகருங்கள் அக்கா.

ஒன்றுமில்லை. தண்ணீர் இருக்கிறதா?

தள்ளுபடி ஆகவில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது அவர் கைகூப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு நிமிசம் பொறுங்கம்மா. அம்மிணி வெளியதான் இருக்குதுங்க, பேச்சுல இருக்குது. கேஸத் தள்ளீராதீங்க, பாவம்." அவர்மேல் போட்ட வழக்கைத் தள்ளிவிடாதீர்கள் என்று அவரே கேட்கிறார். இதற்கு எந்தச் சட்டப்பிரிவில் பதில் சொல்வது?

ஆணையத் தலைவர் அம்மா உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே பதினொரு நிமிஷம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். முடித்ததும் அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "அந்த ரெண்டு வருஷத்தைப் பத்தி வாங்கறப்பவே கேட்டீங்க இல்லையா? அவர் என்ன பதில் சொன்னார்?"

நான் கேட்டது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருந்தது அக்கா. எந்த இடத்தில் குரலை உயர்த்தினேன் என்பது கூட. அவர் சொன்னது? தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒரு முழு வாக்கியம் கிடைக்கவில்லை. 'வண்டி வந்துங்க' என்று ஒன்று. 'கிளட்ச்சு' என்று ஒன்று. எல்லாம் பாதிப் பாதி. மீதிப் பாதி நெடுக என் குரல்.

அவர் ஆல்பத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். குடும்ப ஆல்பம் இல்லை. பக்கத்துக்கு ஒரு மாப்பிள்ளை, எல்லாப் பக்கத்திலும் அதே சிவப்புக் கார், கீழே தேதி. அந்த இரண்டு வருஷமும் அதில் இருந்தது, ஒரு முகூர்த்தம் விடாமல். "இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமே!" என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு இழுத்தது. அவரிடம் அதே சிரிப்பு.

தலைவர் அம்மா புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார்கள். படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஆல்பத்தை என் பக்கம் திருப்பினார்கள்.

பொள்ளாச்சி. நவநீதன் அண்ணன். பூவுக்குள்ளே விளக்கு இரண்டு மட்டும் முழித்துக்கொண்டு நிற்கிற கார். அதன் முன்னால் பச்சைத் தாவணியில், ஒரு விரலை நீட்டிக்கொண்டு, வாயை இவ்வளவு அகலம் திறந்துகொண்டு ஒரு பெண். நான்தான். விரல் நீட்டியிருப்பது ஓட்டுகிறவரைப் பார்த்து. ஓட்டுவது இவர்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்தக் காருக்கு முன்னாலேயே நின்றிருக்கிறேன். இருபது தடவையாவது அந்த பானட்டில் தட்டியிருப்பேன். கார் கண்ணில் படவே இல்லை.

"அடுத்த படம் பாருங்க அம்மிணி" என்றார். பார்த்தேன். அதில் நான் இல்லை. அண்ணன் பக்கத்தில் மேகலை அண்ணி! பின்னால் மடங்கிக் கிடந்த கூரைமேல் ஏறி உட்கார்ந்து, ஒரு கையில் செருப்பு, காற்றில் தலைமுடி, சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "நீங்க சொன்னது சரீன்னு பட்டுதுங்க. மண்டபத்துக்குப் போயிப் பொண்ணையும் ஏத்திக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லலாம்னு பாத்தேன், நீங்க அதுக்குள்ள பேண்டு மாஸ்டரப் புடிச்சிட்டுச் சந்துக்குள்ள போயிட்டீங்க." அதற்கப்புறம் எல்லாப் பக்கத்திலும் இரண்டு பேர் அக்கா. பொண்ணும் மாப்பிள்ளையும். ஒரு வருஷம் முழுக்க. ஒவ்வொரு கல்யாணத்திலும் இவரே கேட்டு ஏற்றியிருக்கிறார். நான் அந்த வாதத்தில் ஜெயித்திருக்கிறேன். ஐந்து வருஷமாக எனக்குத் தெரியாது. பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

இதோடு விட்டிருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். தலைவர் அம்மா விடவில்லை. "சரி, கிளட்ச் எப்போ கெட்டுது?" என்றார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "அது வந்துங்கம்மா... மாப்பிள்ளை ஒருத்தருக்கு வண்டி தாங்குச்சுங்க. பொண்ணையும் ஏத்தப் போயி, பொண்ணு கூட அதோட தங்கச்சிக, சித்தி மகளுக, கொழந்தைகன்னு ஏழெட்டு ஏறுமுங்க. முதல் கியருல ஏழெட்டுப் பேர இழுத்தா... அம்மிணி தப்பில்லீங்க அது. அது சொன்ன நாயம் சரிதானுங்க."

டைப்பிஸ்ட் சிரித்துவிட்டார். தலைவர் அம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாபஸ் வாங்கிவிட்டேன் அக்கா. வேறென்ன செய்ய? என் வாதத்தால் கெட்டுப்போன கிளட்சுக்கு அவரிடம் எப்படி நஷ்டஈடு கேட்பது, தர்க்கப்படி இடிக்கிறதே. புதுக் கிளட்ச் அவரே போட்டுத் தருகிறாராம். அதைச் சொல்லத்தான் ஆறு தடவை ஃபோன் பண்ணினாராம். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, "ஒரு விசயம் சொல்லட்டுங்களா அம்மிணி?" என்றார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். "டயரும் மாத்தோணுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷமாக அதுவும் பாக்கி.

வாபஸ் தோல்வி ஆகாது என்று வீட்டில் வாதாடிப் பார்க்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அப்பா அந்த ஆல்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால், மறுபடி புரையேறும் அவருக்கு. ஆவணி எட்டாம் தேதி. அரை மணி நேரம். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போதே ஆரம்பிக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள் அக்கா, இவ்வளவு நேரம் நானே பேசிவிட்டேன். அந்தக் கிரைண்டர் கதை. நான் நடுவில் வாயே திறக்க மாட்டேன். எந்தக் கடையில் வாங்கினீர்கள், ரசீது இருக்கிறதா, எத்தனை மாதம்... மன்னியுங்கள். நீங்களே சொல்லுங்கள்.

ம்.

ம். கல் சுற்றாமல்... இல்லை, இல்லை, சொல்லுங்கள்.

ம்.

ம்.

அக்கா, ஒரு நிமிஷம். இல்லை, வாதாடவில்லை. காதைக் கொடுத்துக் கேளுங்கள், வாசலில். நாற்பத்திரண்டு! உங்களைத்தான், முதல் தடவைதான். நீங்கள் முன்னால் ஓடுங்கள், கிரைண்டரை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.